வீடு, படிப்பு, சொந்த மிஷின்: வாரச் சம்பளக் குடும்பங்கள் ஆசைகளைத் திட்டமாக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பக்கம் மகளிர் குழுக் கூட்டங்களில் கணக்கு வழக்கு முடிந்து டீ வந்த பிறகு திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பெரும்பாலும் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று வேலை வேறுபட்டாலும் சம்பளம் சனிக்கிழமைதான். உங்கள் ஊரில் தொழில் வேறாக இருக்கலாம். வாரக்கூலி, பீஸ் ரேட், சீசன் வருமானம் என்று வாழ்கிற யாருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

வீடு கட்டணும், பிள்ளையைப் படிக்க வைக்கணும் என்று எல்லாரும்தான் நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். வீட்டில் யாருக்கு என்ன ஆசை என்று அவரவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக நான்கு விஷயம் எழுத வேண்டும்: இது யாருக்கு, எந்த வருடத்துக்குள், எவ்வளவு ஆகும், இந்தச் சனிக்கிழமை இதற்காக என்ன செய்யப் போகிறோம்.

முதல் மூன்றை எழுதிவிடுவோம். நான்காவதில்தான் பேனா நின்றுவிடும். ‘பெரியவளை நர்சிங் படிக்க வைக்கணும், ஏழு வருடத்தில்’ என்று எழுதியாயிற்று, இந்தச் சனிக்கிழமை என்ன? ‘தபால் ஆபீஸ் போய் ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) படிவம் வாங்கி வருவது’ என்றுகூட இருக்கலாம். ‘பக்கத்துத் தெருவில் நர்சிங் படிக்கிற பெண்ணிடம் வருட ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எவ்வளவு என்று கேட்பது’ என்றும் இருக்கலாம். பணம் போடாத வாரத்திலும் ஒரு வேலை நடக்கலாம். ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்கிற ஆசை பத்து வருடம் கழித்தும் ஆசையாகவேதான் இருக்கும்.

மாசச் சம்பளக்காரர்கள் திட்டம் போடலாம். எங்களுக்கு ஒரு வாரம் ஆறு ஷிப்ட், ஒரு வாரம் மூணு ஷிப்ட். இதில் என்ன திட்டம்?

வாரச் சம்பளத்தில் ஒரு வசதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை.

வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதத்துக்கு நான்கு என்று கணக்குப் போட்டால் 48தான். மிச்சம் நான்கு. அதாவது வருடத்தில் நான்கு மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வரும், அபூர்வமாகச் சில வருடம் ஐந்து மாதங்களில் வரும். வாடகை, கரண்ட் பில், பள்ளி வேன், கேஸ் இதெல்லாம் மாதத்துக்கு ஒரு முறைதான். ஆகவே வீட்டுச் செலவை நான்கு சனிக்கிழமைச் சம்பளத்துக்குள் அடக்கப் பழகினால், ஐந்தாவது சனிக்கிழமைச் சம்பளத்தில் பெரும்பகுதியை எடுத்து வைக்க முடியும். அந்த வார மளிகை, காய்கறி மட்டும்தான் கொஞ்சம் இடிக்கும். அதை முந்தைய நான்கு வாரத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணவர் கட்டிங் மாஸ்டர், வாரம் சராசரியாக 4,500. மனைவி செக்கிங், 2,500. ஆக 7,000. ஐந்தாவது சனிக்கிழமை நான்கு முறை வந்தால் 28,000 ரூபாய், முழுசாக ஒரு மாதச் சம்பளம். மாதக் காலண்டர் வாங்கியதும் அந்த நான்கு தேதியையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள். அந்தப் பணம் கைக்கு வந்த அன்றே தனி பேங்க் அக்கவுண்டுக்குப் போய்விட வேண்டும். திங்கட்கிழமை வரை பீரோவில் இருந்தால் கரைந்துவிடும்.

ஷிப்ட் குறையும் வாரங்களுக்கு வேறு வழி வேண்டும். போன வருடத்தில் ஆர்டர் இல்லாமல் மோசமாகப் போன மாதம் எது என்று யோசியுங்கள். அந்த மாத வருமானத்தை வைத்துச் செலவைத் திட்டமிடுங்கள், நல்ல மாதத்தை வைத்து அல்ல. கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் டல் சீசனில் வட்டிக்கு வாங்குவதைவிட அது லேசு.

எல்லா ஆசையும் அவசரமாகத்தான் தெரிகிறது. எதை முதலில் எடுப்பது?

முதலில் கந்து வட்டி, மீட்டர் வட்டிக் கடன். அது இருக்கும்வரை வேறு எந்த இலக்கும் இலக்கில்லை. நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டி என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத் தெரியும். மாதத்துக்கு ஐந்து என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். 50,000 வாங்கியவர் மாதம் 2,500 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பார், அசல் அப்படியே நிற்கும். அந்த 2,500தான் மகளின் படிப்புப் பணம். குழுக் கடனோ, பேங்கில் நகைக் கடனோ வாங்கியாவது இதை அடைத்துவிட்டு, பிறகு அதே 2,500ஐ புதிய கடனுக்குக் கட்டுங்கள். தமிழ்நாட்டில் அநியாய வட்டி வசூலைத் தடுக்க 2003லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

இரண்டாவது, கைகாவல் பணம். குறைந்தது இரண்டு மாத வீட்டுச் செலவு. இதற்கு வட்டி எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டாம், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், தேதியைத் தள்ளிப்போட முடியாத ஆசைகள். மகள் பிளஸ் டூ முடிக்கும் வருடம் நமக்காகக் காத்திருக்காது. வீடு இரண்டு வருடம் தாமதமாகலாம், கார் ஐந்து வருடம் தாமதமாகலாம். இந்த வரிசையை ஊர் வாய்க்காக மாற்றிக்கொள்ளாதீர்கள். படிப்புப் பணத்தை எடுத்துக் காதுகுத்துக்கும் சீருக்கும் செலவு செய்துவிட்டு, பிறகு காலேஜ் ஃபீசுக்கு அலைகிற வீடுகளைப் பார்க்கும்போது மனம் தாங்குவதில்லை.

ஏழு வருடம் கழித்து ஆகிற செலவை இப்போதே எப்படிக் கணக்குப் போடுவது?

72 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை விலை ஏறும் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பு.

மேலே சொன்ன குடும்பத்தில் பெரிய மகள் ஆறாம் வகுப்பு. பிளஸ் டூ முடிக்க ஏழு வருடம். இன்று மொத்தம் 4 லட்சம் ஆகிற படிப்பு என்று வைத்துக்கொண்டால், 6 சதவீதம் வீதம் ஏறி அப்போது ஏறக்குறைய 6 லட்சம் ஆகும். முழுவதையும் சேர்க்க 6.7 சதவீத வட்டி தரும் ஆர்.டி.யில் மாதம் 5,600 ரூபாய் போட வேண்டும். முடியாது என்று தோன்றும். பாதியைச் சேர்த்து, பாதிக்குக் கல்விக் கடன் என்று முடிவு செய்தால் மாதம் 2,800. இப்போது அந்த ஐந்தாவது சனிக்கிழமைப் பணத்தை நினைத்துப் பாருங்கள். 28,000ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 2,300க்கு மேல் வருகிறது. மிச்சம் 500 ரூபாயைத்தான் தேட வேண்டும்.

பெரிய ஆசையைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன் இப்படி ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். ஃபீஸ் முழுவதையும் ஒரே நாளில் கட்டப் போவதில்லை, வருடா வருடம்தான் கட்டுவோம் என்பதும் கொஞ்சம் மூச்சு விட இடம் தரும்.

பெண் பிள்ளைக்குச் செல்வமகள் திட்டம் நல்லதா?

நல்லது, பத்து வயது ஆவதற்குள் தொடங்கினால். அதற்கு மேல் கணக்கு தொடங்க முடியாது. மேலே சொன்ன வீட்டில் பெரியவளுக்குத் தாமதமாகிவிட்டது, மூன்றாவது படிக்கும் சின்னவளுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

2015இல் வந்த திட்டம் இது. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் கட்டலாம். 15 வருடம் கட்ட வேண்டும், கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில் முதிர்வு. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு அறிவிக்கும், 2024 தொடக்கத்தில் 8.2 சதவீதம் ஆக்கினார்கள். அதே வட்டி கடைசிவரை இருந்தால், மாதம் 1,000 வீதம் கட்டிய 1.8 லட்சம் முடிவில் ஐந்தரை லட்சம் அளவுக்கு வரும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 18 வயது ஆனதும், அல்லது பத்தாவது முடித்ததும், உயர்கல்விக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். ஆகவே ‘கல்யாணத்துக்குத்தான்’ என்று பாஸ்புக்கைப் பூட்டி வைக்காதீர்கள். மாதத் தவணையை 5ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாத வட்டியும் சேரும்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. சேர்க்கை சமயத்தில் நிபந்தனைகளைக் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆயிரத்தைப் பஸ், புத்தகச் செலவுக்கு என்று கணக்கில் எழுதுங்கள், ஃபீசுக்கு எழுத வேண்டாம்.

வாடகை கொடுப்பதற்கு இ.எம்.ஐ. கட்டலாம் என்கிறார்களே?

12 லட்சம் வீட்டுக் கடன், 8.5 சதவீதம், 20 வருடம். மாதம் சுமார் 10,400. கடைசியில் கட்டி முடிக்கும்போது மொத்தம் 25 லட்சம் ஆகியிருக்கும். முதல் மாதத் தவணையில் 8,500 வட்டிக்கே போய்விடும், அசலில் 1,900தான் குறையும். இதனால் கடனே வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. தாங்குமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

அதற்கு ஒரு ஒத்திகை இருக்கிறது. இப்போது வாடகை 5,000 என்றால், இ.எம்.ஐ.க்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 5,400ஐ ஒரு வருடம் மாதந்தோறும் உங்கள் அக்கவுண்டில் நீங்களே கட்டுங்கள். டல் சீசன், ஜூன் மாதப் பள்ளிச் செலவு, தீபாவளி எல்லாம் அந்த ஒரு வருடத்துக்குள் வந்து போய்விடும். ஒரு மாதம்கூட விடாமல் கட்ட முடிந்தால் கடன் வாங்கத் தயார். 64,800 ரூபாய் கையிலும் இருக்கும். நான்கு மாதம் தவறியிருந்தால் அந்தத் தொகை உங்களுக்குப் பெரிது, 8 லட்சக் கடனுக்கோ முதலில் இடம் மட்டும் வாங்குவதற்கோ இறங்குங்கள். பேங்க் நோட்டீஸ் அனுப்பித் தெரிந்துகொள்வதைவிட இது மேல்.

இடம் வாங்கும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் ஆகும் என்பதையும் இலக்குத் தொகையில் சேருங்கள். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

சீட்டு போட்டுச் சேர்க்கலாமா?

ஏலச் சீட்டு பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டையும் பதிவுத்துறையில் பதிந்தாக வேண்டும். ‘நமக்குத் தெரிஞ்ச அக்காதான் நடத்துறாங்க’ என்பது உறவு, அது பாதுகாப்பு ஆகாது. பண்டிகைச் செலவுக்குச் சின்ன தீபாவளிச் சீட்டு என்றால் சரி, மகளின் காலேஜ் பணத்தைப் பதிவில்லாத சீட்டில் போடவே போடாதீர்கள். 11 மாத நகைச் சீட்டு நகை வாங்கத்தான் உதவும். முடிவில் கையில் பணம் வராது.

வீட்டுக்காரர் கணக்கே சொல்ல மாட்டேன் என்கிறார். நான் மட்டும் திட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுக் கேட்பார்கள்.

தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. அன்றிலிருந்து நம் பெண்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிறார்கள். யார் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு கடன், எதற்காக, எப்போது திரும்பும், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பேங்க் மேனேஜரிடம் அந்த நோட்டைக் காட்டி லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறார்கள். அதே பெண் வீட்டுக்கு வந்தால் வீட்டில் எவ்வளவு கடன் இருக்கிறது என்றுகூட அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. குழுவில் செய்வதை வீட்டிலும் செய்யலாம் என்பதுதான் என் பதில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம், ஒரு நோட்டு.

முதல் கூட்டத்தில் கணக்குக் கேட்காதீர்கள். ‘எவ்வளவு கடன் வச்சிருக்கீங்க?’ என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். ‘பெரியவ பத்தாவது முடிக்கறப்ப நாம எங்க இருக்கணும்?’ என்று தொடங்குங்கள். உங்கள் கணக்கை முதலில் வையுங்கள், குழுச் சேமிப்பு எவ்வளவு, அம்மா வீட்டில் கொடுத்து வைத்தது எவ்வளவு என்று. மறைத்து வைத்த பணமும் மறைத்து வைத்த கடனும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் இருக்கும். ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கமும் மெதுவாகத் திறக்கும். ஒரே மாதத்தில் நடக்காது.

குடிப் பழக்கமோ, அடி உதையோ இருக்கிற வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே முதல் இலக்கு உங்கள் பாதுகாப்பு. உங்கள் பெயரில் தனி பேங்க் அக்கவுண்ட், ஆதார், ரேஷன் கார்டு நகல்கள் நம்பிக்கையானவர் வீட்டில், 181 என்ற பெண்கள் உதவி எண் மனப்பாடம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகளிடம் பண விஷயம் பேசலாமா?

பத்து வயதுக்கு மேல் தாராளமாகப் பேசலாம். எவ்வளவு கடன் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை டெபாசிட் சிலிப்பை மகளையே எழுதச் சொன்னால், அந்தப் பணம் எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

பேச்சு இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். நர்சிங் என்று நாம் எழுதியிருப்போம், அவளுக்கு பி.காம். பிடித்திருக்கும். நோட்டில் ‘மகளின் மேல்படிப்பு’ என்று எழுதுங்கள், எந்தப் படிப்பு என்பதை அவள் பத்தாவது முடித்ததும் அவளோடு உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். பணத்துக்குத்தான் இப்போதே தேதி வேண்டும்.

எனக்கென்று ஒரு ஆசை இருக்கிறது. குடும்பச் செலவுக்கு நடுவில் அதை எழுதலாமா?

எழுதியே ஆக வேண்டும். வீட்டில் எல்லார் ஆசையையும் எழுதிவிட்டு ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்கிற அம்மாக்களை நான் விடுவதில்லை. கொஞ்சம் வற்புறுத்தினால் வரும்: ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், பாதியில் விட்ட பத்தாவதை எழுத வேண்டும், சொந்தமாக நாலு மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்த வேண்டும்.

கடைசி ஆசையையே எடுத்துக்கொள்வோம். செக்கிங் வேலை பார்க்கிறவர் நேரே நாலு மிஷின் போட்டால் சிக்கிக்கொள்வார். முதல் வருடம் கம்பெனியிலேயே ஓவர்லாக், பிளாட்லாக் இரண்டும் ஓட்டப் பழகுவது. இரண்டாம் வருடம் பழைய மிஷின் ஒன்று வாங்கி வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பது. யார் நேரத்துக்குப் பணம் கொடுக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்று அந்த வருடம்தான் தெரியும், மிஷின் விலையைவிட அது முக்கியம். அதன் பிறகு கடன். 2015இல் வந்த முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்று பிரிவுகள் உண்டு, அடமானம் கேட்கக் கூடாது. ஒரு வருட பில், பேங்க் வரவு இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு போனால் மேனேஜரிடம் பேசுவது எளிது.

வயதான காலத்துக்கு என்ன செய்வது? பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கலாமா?

பார்த்துக்கொள்ளட்டும், நல்லதுதான். ஆனால் கையில் இருக்கிற ஒரு வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம்: கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை முழுசாக எடுத்துவிடுகிறோம். பி.எஃப்.பில் பென்ஷனும் இருக்கிறது. மொத்தம் பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன் உண்டு. ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் சர்வீஸ் முதலிலிருந்து எண்ண வேண்டும். இருபது வருடம் தைத்தவருக்குப் பத்து வருட சர்வீஸ் இல்லாமல் போவது இப்படித்தான். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யு.ஏ.என். எண்ணையே (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கொடுங்கள், பணத்தை மாற்றச் சொல்லுங்கள்.

உடம்பு சரியில்லாமல் எல்லாம் நின்றுபோனால்?

நிற்கும். எந்த வீட்டிலும் ஒரு வருடமாவது நிற்கும். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தால், உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். கார்டில் குடும்பத்தார் பெயர் எல்லாம் ஏறியிருக்கிறதா என்று நல்லா இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நின்ற இலக்கை நோட்டில் அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் புதுத் தேதி எழுதுங்கள். அப்படிப்பட்ட சமயத்திலும் ஒரு ஆர்.டி.யையாவது உயிரோடு வைக்க, ஆரம்பத்திலேயே சின்னத் தொகையில் இரண்டு மூன்று ஆர்.டி.யாகப் பிரித்துத் தொடங்குங்கள். கஷ்டம் வந்தால் ஒன்றை நிறுத்தலாம், மற்றது ஓடும்.

நோட்டை எப்போதெல்லாம் திருப்பிப் பார்க்க வேண்டும்?

மாதக் கூட்டத்தைத் தவிர, வருடத்தில் இரண்டு தடவை நிதானமாக உட்காருங்கள். ஒன்று மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன். இன்னொன்று தீபாவளி போனஸ் வருவதற்கு முந்தைய வாரம். போனஸ் வந்த பிறகு உட்கார்ந்து பயனில்லை. சட்டப்படி போனஸ் வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம், ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். துணிக்கு எவ்வளவு, பலகாரத்துக்கு எவ்வளவு, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு எவ்வளவு, நோட்டில் இருக்கும் எந்த இலக்குக்கு எவ்வளவு என்று பணம் வருவதற்கு முன்பே எழுதி, வீட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். சின்னவளும் போடட்டும்.